மகனுக்குக் கொடுத்தால் வரி உண்டா? கொங்கு வீடுகளில் கைமாறும் பணமும் சட்டமும்

மகன் சரவணம்பட்டியில் அடுக்குமாடி வீடு வாங்குகிறான். வங்கிக் கடன் போக 25 லட்சம் இடிக்கிறது. கொடுமுடிப் பக்கம் மஞ்சளும் கரும்பும் வைத்து மிச்சம் பிடித்த அப்பா, இருப்பதைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, "பேங்க்குல போட்டீங்கன்னா இன்கம்டாக்ஸ்ல கேப்பாங்க, ரொக்கமாவே குடுத்துருங்க" என்கிறார். அப்பாவும் கணக்கில் இருந்த பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பையில் கட்டுகிறார்.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வாங்கவும், திருப்பூரில் பத்து மெஷின் போடவும், பெருந்துறையில் இடம் வாங்கவும் அப்பா அம்மா கை கொடுப்பது இங்கே அன்றாடம் நடப்பது. இந்த அறிவுரையும் அதே அளவுக்கு அன்றாடம். ஆனால் இது முழுக்கத் தலைகீழான அறிவுரை. வங்கி வழியாக அந்த 25 லட்சத்தைக் கொடுத்தால் அப்பாவுக்கும் வரி இல்லை, மகனுக்கும் வரி இல்லை. ரொக்கமாக வாங்கினால்தான் மகன் மாட்டிக்கொள்வான். வரிக்குப் பயந்து எடுக்கிற வழியே வம்பில் கொண்டுபோய் விடுகிறது.

இந்தப் பயம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நிக்கோலஸ் கால்டார் என்ற பொருளியல் அறிஞர் இந்தியாவின் வரி முறையை ஆராய்ந்து 1956-ல் அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1957-ல் செல்வ வரியும் (வீட்டுக்கு நகராட்சியும் ஊராட்சியும் வாங்கும் சொத்து வரி வேறு) 1958-ல் கொடை வரியும் வந்தன. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தின் மீதான வரி 1953-லிருந்தே இருந்தது. அந்தக் காலத்தில் கொடை வரியைக் கட்ட வேண்டியவர் கொடுப்பவர். 1987-க்குப் பிறகு, ஆண்டுக்கான விலக்கு வரம்பைத் தாண்டிக் கொடுத்தால் 30 சதவீதம். மகனுக்குக் கொடுப்பதற்கும் அதே கதிதான். இன்றைக்கு எழுபது, எண்பது வயதில் இருப்பவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் தொழில் செய்தவர்கள். அவர்கள் பயப்படுவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இறப்பின்மேல் போட்ட வரி 1985-ல் போய்விட்டது. கொடை வரி 1998 அக்டோபர் 1 முதல் இல்லை. செல்வ வரியும் 2015 பட்ஜெட்டோடு முடிந்தது. சட்டம் போன பிறகும் பயம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இப்போது யாருக்கு வரி

2004 செப்டம்பரில் வேறு வடிவத்தில் ஒன்று வந்தது. கொடை வாங்குபவரின் வருமானமாக அந்தத் தொகையைச் சேர்த்து வரி போடுவது. ஒரு நிதியாண்டில் வாங்கியதெல்லாம் சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி. இதிலிருந்து விலக்குப் பெற்றவர்களில் முதல் வரிசை சொந்தபந்தம். உறவினர் கொடுத்தால் தொகைக்கு உச்சவரம்பே கிடையாது. கோடி ரூபாயானாலும் வாங்கியவருக்கு வரி இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. இந்த அடிப்படை மாறவில்லை.

உறவினர் என்று சட்டம் யாரைச் சொல்கிறது என்பதில்தான் நம் ஊருக்குச் சிக்கல் இருக்கிறது. அப்பா, அம்மா, அப்பாரு, அப்பத்தா, அப்புச்சி, அம்மாயி என்று மேலே போகும் நேர்வழி எல்லாம் உறவு. மகன், மகள், பேரன், பேத்தி என்று கீழே இறங்குவதும் உறவு. கணவன், மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், மாமனார், மாமியார், அப்பாவின் உடன்பிறப்புகள், அம்மாவின் உடன்பிறப்புகள், இவர்களுடைய துணைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். ஆக, தாய்மாமன் கொடுப்பதும் அத்தை கொடுப்பதும் பெரியப்பா கொடுப்பதும் வரி இல்லாதவை.

பங்காளி இதில் வரமாட்டார். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் நமக்கு அண்ணன் தம்பிதான். ஒரே குலதெய்வம், ஒரே கோயில் வரி, காட்டில் ஒரே கிணற்றில் முறைத் தண்ணீர். வரிச் சட்டத்துக்கு அவர் வெளியாள். அவர் ஆசையாக 2 லட்சம் கொடுத்தால் வாங்கியவரின் வருமானத்தில் 2 லட்சம் ஏறும். அத்தை மகன், மாமன் மகள் கதையும் இதுவே.

இதைவிட எனக்கு வருத்தமான ஒன்று உண்டு. உறவை வாங்குபவர் பக்கத்திலிருந்துதான் சட்டம் பார்க்கிறது. மாமன் தன் தங்கை மகனுக்குக் கொடுத்தால், பையனைப் பொறுத்தவரை அவர் அம்மாவின் உடன்பிறப்பு; வரி இல்லை. அந்தப் பையன் படித்து வேலைக்குப் போய், தன்னை வளர்த்த மாமனின் இருதய அறுவைச் சிகிச்சைக்கு 5 லட்சம் அனுப்பினால் கதை வேறு. மாமனின் உறவுப் பட்டியலில் உடன்பிறந்தவரின் பிள்ளைகள் இல்லை. மாமனுக்கு அது வருமானம். கொங்கு நாட்டில் தாய்மாமனுக்கு இருக்கும் இடம் தெரிந்த யாருக்கும் இது நியாயமாகப் படாது. அந்தப் பணத்தை நேராக மருத்துவமனைக்கு மருமகனே கட்டிவிடுவதா, தன் அம்மாவுக்குக் கொடுத்து அம்மா தன் அண்ணனுக்குக் கொடுப்பதா என்றெல்லாம் யோசனைகள் எழும். முடிவெடுக்கும் முன் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. ஏனென்றால் சுற்றி விடுகிற பணத்தின் நோக்கத்தையும் துறை பார்க்கும்.

கல்யாண மொய்க்குத் தனி விலக்கு. மணமக்களுக்குக் கல்யாணத்தை ஒட்டி யார் கொடுத்தாலும், பங்காளியானாலும் பக்கத்து மில் முதலாளியானாலும், வரி இல்லை. ஆனால் அது மணமக்களுக்கு மட்டும். கல்யாண வீட்டுக்காரர் என்று பெற்றோர் கையில் கொடுத்ததற்கு இந்த விலக்கு சேராது. காதுகுத்து, பூப்புச் சீர், புதுமனை புகுவிழா, மணிவிழா எதற்கும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே தாய்மாமன் சீர் உறவு என்ற கணக்கில் தப்பிக்கும். நண்பர்களும் பங்காளிகளும் வைத்தது சேர்ந்து 50,000-ஐத் தாண்டினால் கணக்கில் வரும். மொய் நோட்டை எடுத்து வைப்பது திரும்பச் செய்வதற்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

ரொக்கம் என்ற வினை

சரி, அந்தக் கொடுமுடி அப்பாவிடம் வருவோம். அவர் 25 லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்தால் என்ன ஆகும்?

2017 ஏப்ரல் முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே கொடுக்கல் வாங்கலில், அல்லது ஒரே நிகழ்வை ஒட்டி, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக யாரும் வாங்கக் கூடாது. அப்பா மகன் என்ற விலக்கு இதில் இல்லை. மீறினால், வாங்கியவருக்கு வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. தினம் ஒன்றரை லட்சமாகப் பிரித்துக் கொடுத்தாலும், ஒரே வீட்டுக்காக என்று ஆகிவிட்டால் அது ஒரே நிகழ்வுதான். வரியே இல்லாத பணத்துக்கு இப்படி ஒரு வினையை விலைக்கு வாங்குவானேன்?

மகன் அதை வங்கியில் போட்டால் இன்னொரு கண் விழிக்கும். சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 10 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் விழுந்தால் வங்கி வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பெரிய மதிப்புள்ள சொத்துப் பதிவைச் சார்பதிவாளர் அலுவலகம் தெரிவிக்க வேண்டும். சம்பளத்துக்குப் பொருந்தாத பணம் எங்கிருந்து வந்தது என்று மகனிடம் கேள்வி வரும். "அப்பா கொடுத்தார்" என்று அவன் சொல்லுவான். அப்பாவிடம் இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று அடுத்த கேள்வி. கொடுத்தவர் யார், அவருக்குக் கொடுக்கும் வசதி இருந்ததா, கொடுத்தது உண்மையா என்ற மூன்றையும் காட்ட வேண்டிய பொறுப்பு மகனுடையது. காட்ட முடியாவிட்டால் அது கணக்கில் வராத பணம் என்று ஆகி, வரியும் அபராதமும் விழும்.

விவசாயக் குடும்பங்களுக்கு இங்கே ஒரு பலமும் ஒரு பலவீனமும் இருக்கின்றன. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பது பலம். அதனாலேயே பல அப்பாக்களிடம் பான் அட்டை அலமாரியில் தூங்குகிறது, வருமான வரிப் படிவம் தாக்கல் செய்த வழக்கமே இல்லை என்பது பலவீனம். இருபது வருடம் பாடுபட்டுச் சேர்த்தது உண்மை. அதைச் சொல்லக் காகிதம் இல்லை. ஆனால் தேடினால் நம் ஊரில் காகிதம் கிடைக்கும். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மஞ்சள் ஏலம் விட்ட ரசீது, அவல்பூந்துறையில் கொப்பரை போட்ட ரசீது, சர்க்கரை ஆலை கரும்புக்குக் கொடுத்த பட்டுவாடாச் சீட்டு, பால் சங்கத்துப் புத்தகம். இவற்றோடு சிட்டாவும் அடங்கலும் இருந்தால், இவ்வளவு பூமி, இன்ன வெள்ளாமை, இன்ன வரவு என்று நிமிர்ந்து சொல்லலாம். ஏல ரசீதைப் பணம் வந்ததும் கசக்கிப் போடும் பழக்கத்தை எங்கு பார்த்தாலும் எனக்கு மனசு பதைக்கும். மகனின் வீட்டுக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் கடைசியில் சாட்சி.

ஆக, அப்பா செய்ய வேண்டியது இதுதான். தன் கணக்கிலிருந்து மகன் கணக்குக்குக் காசோலையோ ஆர்டிஜிஎஸ்ஸோ போட்டுவிட்டு, ஒரு கொடைக் கடிதம் எழுத வேண்டும். ரொக்கமாகக் கொடுத்த பணத்தைப் போல இதற்கு வார்த்தை வார்த்தையாகச் சத்தியம் பண்ண வேண்டியதில்லை. பணத்துக்கான கொடைக்குப் பத்திரப் பதிவும் கட்டாயம் இல்லை. கடிதத்தில் இருக்க வேண்டியவை ஒரு பக்கத்தில் அடங்கும். ஏறக்குறைய இப்படி:

"இன்ன ஊரில் வசிக்கும், இன்ன பான் எண் கொண்ட நான், என் மகன் இன்னாருக்கு (பான் எண் இன்னது), இன்ன தேதியில், இன்ன வங்கிக் கணக்கிலிருந்து இன்ன பரிவர்த்தனை எண் வழியாக ரூபாய் 25 லட்சத்தை அன்பின் பேரில் கொடையாகக் கொடுத்துள்ளேன். இது என் விவசாய வருமானச் சேமிப்பிலிருந்து கொடுத்தது. இதைத் திருப்பித் தர வேண்டியதில்லை."

கீழே அப்பாவின் கையெழுத்து, "ஏற்றுக்கொண்டேன்" என்று மகனின் கையெழுத்து, சாட்சிகள் இருவர். இதை எடுத்துக்கொண்டு போனால் எத்தனையோ அப்பாக்கள் முகம் சுளிப்பார்கள். "எம் பையனுக்கு நாங் குடுக்கறதுக்கு எதுக்குங்க சீட்டு?" என்பார்கள். பிள்ளையை நம்பாதது போல ஆகிவிடும் என்ற கூச்சம் அது. மகனே, "எனக்கு ஆபீஸ்ல கேட்டா காட்டோணுமுங்கப்பா" என்று கேட்டு வாங்கினால் அந்தக் கூச்சம் விலகும். அது உண்மையும்கூட.

கடிதத்தில் அந்தக் கடைசி வாக்கியத்துக்கு முன் குடும்பம் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்ய வேண்டும். இது கொடையா, கைமாற்றா? அப்பா மகனுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கத் தடையில்லை. ஆனால் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. திருப்பிக் கொடுப்பதும் வங்கி வழியாகவே. இரு தரப்புக்கும் விவசாய வருமானம் மட்டும் இருந்து, இருவருக்குமே வரி கட்டும் வருமானம் இல்லாவிட்டால் கடன் வாங்குவதில் இந்தக் கட்டு தளரும். மகன் ஐடி கம்பெனிச் சம்பளக்காரன் என்றால் தளராது. கொடையா கடனா என்பது பின்னால் உடன்பிறந்தவர்களுக்குள் பெரிய கேள்வியாகும். கடன் என்றால், அப்பா காலமான பிறகு அந்த 25 லட்சம் அவர் சொத்தின் ஒரு பகுதி. அதில் அம்மாவுக்கும் தங்கைக்கும் பங்கு உண்டு. கொடை என்றால் அது மகனுடையது, முடிந்தது.

மருமகளா, மருமகனா

அப்பா பணத்தை மருமகள் பெயரில் போடுவதும் நம் ஊரில் உண்டு. நல்ல மனசு. கொடைக்கு வரியும் இல்லை. ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வருமானம் மருமகளுடையதாகக் கணக்காகாது. கொடுத்த மாமனார் அல்லது மாமியாரின் வருமானத்தோடு சேரும். மருமகள் பெயரில் 20 லட்சம் வைப்பு, 7 சதவீத வட்டி என்றால், ஆண்டுக்கு 1,40,000 ரூபாய் மாமனார் கணக்கில் ஏறும். மனைவிக்குக் கொடுத்தாலும் இதே விதி. 18 வயது நிறையாத பிள்ளை பெயரில் போட்டால், அந்தப் பிள்ளையின் பெற்றோரில் வருமானம் அதிகம் உள்ளவர் கணக்கில் சேரும். வயது வந்த மகன், மகள், மருமகன் மூவருக்கும் இது பொருந்தாது. மகனுக்கு வேண்டாம், மருமகளுக்குத்தான் என்று கொடுத்தால் அந்த ஆண்டிலிருந்து வட்டியைத் தன் கணக்கில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பயந்து நிறுத்த வேண்டியதில்லை.

எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். வேறு வருமானம் அதிகம் இல்லாத அப்பாவின் பெயரில் 25 லட்சம் வைப்பாக இருந்தால், 1,75,000 ரூபாய் வட்டிக்கு அவருக்குப் பெரும்பாலும் வரியே வராது. அதே பணம் 30 சதவீத அடுக்கில் இருக்கும் மகன் பெயருக்குப் போனால், செஸ் சேர்த்து 54,600 ரூபாய் வரி. வீடு வாங்க, தொழில் தொடங்கக் கொடுப்பது சரி. சும்மா வைப்பு மாற்றிப் போடுவதற்காக மகன் பெயருக்கு நகர்த்தினால் குடும்பத்துக்கு நஷ்டம். அப்பாவின் கையும் காலியாகும்.

பூமி விற்ற பணம், பூமியையே எழுதிக் கொடுப்பது

இந்தப் பக்கத்தில் பெரிய தொகை கைமாறுவது பெரும்பாலும் பூமி விற்றபோது. கிராமப்புற விவசாய நிலத்தை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. கிராமப்புறம் என்பதற்கு அளவுகோல் தூரம். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகராட்சி என்றால் எல்லையிலிருந்து நேர்க்கோட்டில் 8 கிலோமீட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். கோயமுத்தூர் இந்த வகை. ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், பத்தாயிரத்துக்கு மேல் ஒரு லட்சம் வரை என்றால் 2. எல்லைக்குள் இருக்கும் நிலம் என்றால், மஞ்சளே விளைந்தாலும், லாபத்துக்கு அப்பா வரி கட்டிவிட்டுத்தான் மிச்சத்தைப் பங்கு வைக்க வேண்டும். பங்கு வைத்ததை வாங்கும் பிள்ளைகளுக்கு வரி இல்லை.

பணமாக்காமல் நிலத்தையோ வீட்டையோ எழுதிக் கொடுப்பதற்குத் தான செட்டில்மென்ட். பெற்ற பிள்ளைகளுக்கு எழுதும்போது முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் இந்த உச்சவரம்புகள் 25,000-லிருந்தும் 4,000-லிருந்தும் உயர்ந்தன. உயர்ந்த பிறகும், ஒரு கோடி மதிப்புள்ள சொத்து 50,000 ரூபாயில் மாறிவிடுகிறது. கிரயமாக எழுதினால் 9 லட்சம். மகன் பின்னால் விற்கும்போது அப்பா வாங்கிய விலையே அவனுக்கும் அடக்க விலை. 2001-க்கு முந்தைய சொத்து என்றால் 2001 ஏப்ரல் 1-ம் தேதி மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதனால் பழைய கிரயப் பத்திரத்தையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். நகைக்கும் இதுதான் முறை: அம்மாவின் நகை மகளுக்கு வரியில்லாமல் போகும், விற்றால் அம்மா வாங்கிய விலை கணக்கு.

மகன் அமெரிக்காவில் இருந்தால்

இங்கே வாங்குபவர் பக்கம் வரி. அமெரிக்காவில் கொடுப்பவர் பக்கம். டல்லாஸில் இருக்கும் மகள் ஈரோட்டு அம்மாவுக்கு அனுப்பினால், 2026-ல் ஒருவருக்கு 19,000 டாலர் வரை அமெரிக்காவில் எதையும் தெரிவிக்க வேண்டாம். அதற்கு மேல் போனால் 709 என்ற படிவம் கொடுக்க வேண்டும். அப்போதும் வாழ்நாள் வரம்பான 1.5 கோடி டாலர் தீரும்வரை கையிலிருந்து வரி கட்ட வேண்டியிராது. இங்கே அம்மாவுக்கும் வரி இல்லை.

அப்பா இங்கிருந்து அனுப்பும்போது அமெரிக்கக் கொடை வரி அவரைத் தொடாது. மகன் மட்டும் ஒரு ஆண்டில் இப்படி 1,00,000 டாலருக்கு மேல் பெற்றிருந்தால் 3520 என்ற படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வரி கிடையாது, தகவல் மட்டும். ஆனால் விட்டுவிட்டால் மாதம் 5 சதவீதம் என்று ஏறி 25 சதவீதம் வரை அபராதம். இந்தியப் பக்கத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய பகுதிக்குக் கொடை என்ற வகையில் வங்கி 20 சதவீதம் பிடித்துக்கொள்ளும். 30 லட்சம் அனுப்பினால் 4 லட்சம் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். அது போய்விட்ட பணம் இல்லை. அப்பாவின் பான் கணக்கில் வரவு நிற்கும். ஆனால் திரும்ப வாங்க அவர் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்தாக வேண்டும். "நமக்குத்தான் விவசாயமாச்சே, எதுக்குப் படிவம்" என்று இருந்தால் அந்த 4 லட்சம் அரசிடமே கிடக்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் குடியிருக்கும் பிள்ளைக்குப் பணம் கொடுக்கலாம், வீடு எழுதிக் கொடுக்கலாம். தோட்டத்தைத் தான செட்டில்மென்டாக எழுதக் கூடாது. விவசாய நிலம், தோப்பு, பண்ணை வீடு மூன்றையும் வெளிநாடுவாழ் இந்தியர் கொடையாகப் பெற அந்நியச் செலாவணி விதிகள் இடம் தரவில்லை. வாரிசாக வரலாம். அப்படிப்பட்ட குடும்பங்களில் தோட்டத்துக்கு உயில்தான் வழி.

மற்ற பிள்ளைகளும், மிஞ்சி நிற்கும் பெற்றோரும்

வரியைவிட இந்தப் பகுதிதான் என்னை அதிகம் கவலைப்படுத்துவது. ஏனென்றால் கோர்ட்டுக்குப் போகும் குடும்பங்களில் பெரும்பாலானவை வரித் துறையால் போனவை அல்ல.

மகனுக்கு வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. மகளுக்குக் கல்யாணத்தில் பவுனும் சீரும் போட்டாயிற்று. "அவளுக்குச் செஞ்சாச்சு" என்று கணக்கை முடித்துவிடுவது இங்கே பழக்கம். சட்டம் அப்படி முடிப்பதில்லை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதலே, அதற்கு முன் கல்யாணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. 2005-ல் மத்தியச் சட்டமும் அதையே செய்தது. பிறப்பாலேயே வரும் உரிமை அது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பூர்வீக பூமியை விற்ற பணத்தை அப்பா தன் விருப்பத்துக்கு மகன் கையில் கொடுக்க முடியாது என்பது இதன் பொருள். சுயசம்பாத்தியம் என்றால் அவர் யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் உயில் இல்லாமல் காலமானால் மிச்சச் சொத்து மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அவருடைய தாய் ஆகியோருக்குச் சரிபங்காகப் போகும். மகன் முன்பே வாங்கிய 25 லட்சம் அவன் பங்கில் தானாகக் கழியாது. கழிய வேண்டும் என்று அப்பா நினைத்தால் உயிலில் எழுத வேண்டும். மகளுக்குத் தெரியாமல் கொடுத்து, பதினைந்து வருடம் கழித்து வங்கிக் கணக்கில் அது வெளிவரும்போது உடைகிற உறவை எந்தப் பாகப் பத்திரமும் ஒட்டவைக்காது. கொடுக்கும் அன்றைக்கே மகளையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அவளையே கொடைக் கடிதத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்வது இன்னும் நல்லது.

அப்புறம், அப்பா அம்மாவின் சொந்த நாட்கள். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மாதாமாதம் மருந்துக்கு மகனிடம் கேட்டு நிற்கும் பெற்றோரை ஊருக்கு ஊர் பார்க்கிறோம். அதிலும் அம்மாக்கள் நிலை மோசம். பூமி அப்பா பெயரில், வைப்பு அப்பா பெயரில், கொடுத்ததும் அப்பா. அவர் போன பிறகு அம்மா பெயரில் ஒரு கணக்குப் புத்தகம்கூட இருக்காது. அம்மா பெயரில் தனியாக ஒரு தொகை, குடியிருக்கும் வீட்டில் அவருக்கு ஆயுள் முழுக்க அனுபவ உரிமை, இரண்டையும் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்பதுதான் என் அழுத்தமான கருத்து. செட்டில்மென்ட் பத்திரத்திலேயே ஆயுட்கால அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு எழுதலாம். பதிவு செய்து பிள்ளை ஏற்றுக்கொண்ட பத்திரத்தைப் பிறகு அப்பா தனியாகப் போய் ரத்து செய்துவிட முடியாது என்பதால் இதை முதலிலேயே எழுத வேண்டும்.

கைவிடப்பட்டவர்களுக்கு ஒரு கதவு இருக்கிறது. 2007-ம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 23-வது பிரிவு. 60 வயது நிறைந்தவர், தன்னைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், அந்தக் கொடை செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சொத்து என்பதில் அசையும் சொத்தும் அடக்கம். நிபந்தனை இருந்ததாகக் காட்டாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், மூத்தவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகவே இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும், சொத்தைத் திரும்ப ஒப்படைக்கவும் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றது. காற்று பெற்றோர் பக்கம் வீசுகிறது. இருந்தாலும் வழக்காடி நிரூபிப்பதைவிட, "என்னையும் என் மனைவியையும் ஆயுள் முழுக்கப் பராமரிக்க வேண்டும், தவறினால் இந்தக் கொடை ரத்தாகும்" என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் எழுத வைப்பது எளிது. ஆவண எழுத்தரிடம் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வழக்கமான வாசகத்தோடு பத்திரம் முடிந்துவிடும். பணமாகக் கொடுக்கும்போது கொடைக் கடிதத்திலும் இதே வரி இருக்கலாம்.

இந்தத் தீர்ப்பாயம் நம் மாவட்டங்களில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இயங்குகிறது. மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். மனுவோடு பத்திர நகல், கொடைக் கடிதம், வயதுக்கான சான்று, பணம் போன வங்கிப் பக்கத்தின் நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தவரிடம் அந்தக் கடைசி நகல் இருக்காது.